பேச்சில் கறார், பந்தியில் தாராளம்: குவில்ட் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகப் போகிறவர்கள் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊர் எதை எடுத்தாலும் குவில்ட் என்னும் ஒட்டுத்தையல் போர்வை தைப்பவர்களின் கில்ட், அதாவது சங்கம், ஒன்று இருக்கும். மாதம் ஒரு கூட்டம், பெரும்பாலும் ஏதாவது ஒரு சர்ச் ஹாலில். வருஷத்தில் சில தடவை வெளியூர் ஆசிரியர் ஒருவரை வரவழைப்பார்கள். முதல் நாள் கூட்டத்தில் பேச்சு, கூடவே அவர் தைத்த போர்வைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் ட்ரங்க் ஷோ. மறுநாள் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை வகுப்பு. இப்படி ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் உண்டு. நம்மவர்களிலும் சிலர் இறங்கியிருக்கிறார்கள். இறங்கலாமா என்று கேட்பவர்கள் அதைவிட அதிகம். இது அவர்களுக்காக.

நன்றாகத் தைப்பவர்கள் நிறையப் பேர். ஒரே ஊருக்கு இரண்டாம் முறை அழைக்கப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் பார்த்தவரை அந்தக் கொஞ்சம் பேரும் கடிதத்தில் கறாராக இருப்பார்கள், பந்தியில் தாராளமாக இருப்பார்கள். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காசு பேசக் கூச்சம். சாப்பாட்டில் ஆயிரம் நொட்டை.

சம்மதம் சொல்வதற்கு முன்

எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பேச்சுக்கு எவ்வளவு, வகுப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்? இருபதுக்கு மேல் போனால் கடைசி மேசைக்காரரிடம் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மதியம் ஆகிவிடும். துணி வெட்டித் தயாராகக் கொண்டுபோகும் கிட்டுக்கு ஆளுக்கு எவ்வளவு, அதை யார் வசூலிப்பது? காரில் போனால் மைல் கணக்கு உண்டா? அமெரிக்க வருமான வரித்துறையின் தொழில்முறைப் பயணக் கணக்கு 2025இல் மைலுக்கு 70 சென்ட்டாக இருந்தது. பல கில்ட்கள் அந்தந்த வருஷக் கணக்கையே அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன. பனிப்புயலில் விமானம் ரத்தானால் யாருக்கு நஷ்டம்? ஜனவரி, பிப்ரவரியில் வடக்கே போகிறீர்கள் என்றால் இந்த ஒரு வரிக்காகவே ஒப்பந்தம் போடலாம்.

சாப்பாட்டையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். முந்தைய இரவுச் சாப்பாடு யார் பொறுப்பு, மதியச் சாப்பாடு ஹாலிலேயே உண்டா, நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள்? மூன்று வரி போதும். இதை எழுதுவது பிகு அல்ல, உபகாரம். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் சம்பளம் வாங்காமல் உழைப்பவர், பெரும்பாலும் ரிட்டயரான அம்மாள். நீங்கள் வந்திறங்கிய பிறகு, "நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேனே" என்றால் அவர் ராத்திரி எட்டு மணிக்கு எங்கே ஓடுவார்?

சுற்றுலா விசாவில் போய்க் காசு வாங்கிப் பாடம் நடத்தாதீர்கள். பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கும் பெற்றோர் பலருக்குக் கைத்தையல் அருமையாக வரும். பக்கத்து ஊர் கில்ட் ஆசையோடு கூப்பிடும். காசில்லாமல் உட்கார்ந்து தைத்துக் காட்டுவது வேறு, கட்டணம் பேசி வகுப்பெடுப்பது வேறு. வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாக்காரர்களுக்கும், எச்-1பி-யில் ஒரு கம்பெனிக்கு மட்டும் வேலை செய்ய வந்தவர்களுக்கும் இதே கதிதான். ஒரு சனிக்கிழமை வகுப்புக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம்.

உங்களுடையது அல்லாததை உங்களுடையது என்று சொல்லாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றதும் "காந்தா சொல்லிக்கொடுங்கள், கவந்தி சொல்லிக்கொடுங்கள்" என்பார்கள். காந்தா வங்காளத்துப் பெண்களின் தையல். கவந்தி, வட கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்திப் பெண்கள் தைப்பது. அவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். விளிம்பிலிருந்து ஆரம்பித்து, துணித்துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறவிட்டு, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர்வார்கள். நடுவில் பஞ்சு அடுக்கு கிடையாது. மூலைகளில் சின்னதாகத் துணிப்பூ வைக்காமல் போர்வையை முடிக்கமாட்டார்கள். நீங்கள் அதைக் கற்றவராக இருந்தால், யாரிடம் கற்றீர்கள், அது யாருடையது என்று வகுப்பின் முதல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுங்கள். பாட்டி மடியில் கற்றதாகக் கதை கட்ட வேண்டாம். திருநெல்வேலிப் பாட்டிக்குக் கவந்தி தெரிந்திருக்க வழியில்லை. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பு தைத்திருப்பார். அதைச் சொல்லுங்கள், அதுவே போதும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: அடுத்தவர் புத்தகத்திலிருந்து டிசைனை நகலெடுத்து வகுப்பில் விநியோகிக்காதீர்கள். எல்லாரும் புத்தகத்தை வாங்கட்டும், அல்லது எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள். இந்த உலகம் சின்னது. நீங்கள் ஊர் திரும்புவதற்குள் சேதி அவருக்குப் போயிருக்கும்.

வீடா, ஹோட்டலா? தங்கல் செலவை மிச்சம் பிடிக்கச் சில கில்ட்கள் உறுப்பினர் வீட்டில் தங்க வைக்கும். என் யோசனை, வகுப்புக்கு முந்தைய இரவு ஹோட்டல், வகுப்பு முடிந்த இரவு வேண்டுமானால் வீடு. முந்தைய இரவு உங்களுக்குத் தூக்கம் வேண்டும். வீடென்றால் பதினொரு மணி வரை அவர்கள் அலமாரியில் இருக்கும் அத்தனை போர்வைகளையும் பார்த்து ஆக வேண்டும். வகுப்பு முடிந்துவிட்டால் அதே அலமாரி விருந்து. பூனை முடி ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். குவில்ட் தைப்பவர் வீட்டில் பூனை இல்லாவிட்டால்தான் அதிசயம்.

பெட்டி கட்டும்போது

ரோட்டரி கட்டரின் வட்ட பிளேடு கைப்பையில் போகாது. கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் நூல் வெட்டி இருக்கிறதே, உள்ளே பிளேடு வைத்தது, அதுவும் போகாது. ஊசி போகும். நடு ஆணியிலிருந்து நுனி வரை 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கோலும் அமெரிக்க விமானங்களில் போகும், ஆனாலும் கடைசி வார்த்தை சோதிக்கிறவருடையது. ஆகவே பிரியமான கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காதீர்கள்.

திரும்பத் தைக்க முடியாத போர்வையைச் சரக்கோடு போடாதீர்கள். கைப்பெட்டியில் எடுத்துப் போங்கள். போர்வையின் முதுகுப்புறத்தில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள துணி லேபிள் தைத்திருக்கட்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும்.

கிட்டுகளை முன்கூட்டியே தபாலில் அனுப்புங்கள். துணியின் கனம் தூக்கும்போதுதான் தெரியும். இருபது பேருக்கான கிட், மாதிரிப் போர்வைகள், ரூலர்கள் எல்லாம் சேர்ந்தால் 23 கிலோ வரம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும். தபால்துறையின் ஒரே விலை அட்டைப்பெட்டிகள் இந்தத் தொழிலுக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. கொள்ளும்வரை திணிக்கலாம். சொன்ன எண்ணிக்கையைவிட இரண்டு கிட் கூடுதலாக அனுப்புங்கள். கடைசி நேரத்தில் பொறுப்பாளரின் நாத்தனார் வந்து நிற்பார்.

வீட்டிலிருந்து ஒரே ஒரு சாப்பாட்டுச் சாமான் போதும். பருப்புப்பொடியை நான் சிபாரிசு செய்வேன். ஹோட்டல் அறையில் மைக்ரோவேவ் இருக்கும், மளிகைக் கடையில் இரண்டு நிமிஷத்தில் சூடாகும் சாதப் பொட்டலம் கிடைக்கும். விமானம் தாமதமாகி ராத்திரி பத்து மணிக்குச் சின்ன ஊரில் போய் இறங்கினால் கடையெல்லாம் அடைத்திருப்பார்கள். அந்த ஒரு இரவுக்குத்தான் பொடி. ஊறுகாய், தொக்கு, எண்ணெய் எதுவும் போர்வை இருக்கும் பெட்டிக்குள் வரக்கூடாது.

ஹாலில்

வந்ததும் முதலில் சுவர் ப்ளக்குகளைப் பாருங்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு சர்க்யூட் 120 வோல்ட்; 15 ஆம்பியர் என்றால் மொத்தம் 1,800 வாட்தான் தாங்கும். ஒரு இஸ்திரிப்பெட்டியே 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். தையல் மெஷின்கள் பாவம், ஆளுக்கு நூறு வாட் அளவில் சாதுவாக ஓடும். பிரச்சினை இஸ்திரியும் சாப்பாடும். பொட்லக் மதியம் என்றால் காலை ஒன்பது மணிக்கே ஒவ்வொருவரும் ஸ்லோ குக்கரில் பீன்ஸோ சூப்போ கொண்டுவந்து சுவர் ஓரமாக வரிசையாகச் செருகிவிடுவார்கள். ஒரு குக்கர் 200, 250 வாட். நாலைந்து சேர்ந்தால் ஆயிரம். பெரிய காபி அண்டா தனியாக ஆயிரத்துக்கு மேல். இதே சர்க்யூட்டில் நீங்கள் இஸ்திரியைச் செருகினால் பிரேக்கர் விழும், அரை ஹால் மெஷின் நிற்கும். பிரேக்கர் பெட்டி பூட்டிய அறையில் இருக்கும், சாவி வைத்திருக்கும் ஆள் மீன்பிடிக்கப் போயிருப்பார்.

ஆகையால் குக்கர்கள் சமையலறைச் சுவரில், இஸ்திரிகள் எதிர்ச்சுவரில், ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு இஸ்திரி என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். எந்த ப்ளக் எந்த சர்க்யூட் என்று அந்த ஹாலில் பல வருஷம் காபி போட்ட அம்மாளுக்குத் தெரியும். அவரைத் தேடிப் பிடியுங்கள். மதியத்துக்கு எதை முதலில் தட்டில் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற தகவலும் அவரிடம்தான் இருக்கும்.

தைக்க ஆரம்பிக்கும் முன் கால் அங்குலத்தைச் சோதியுங்கள். குவில்ட்டில் சீம் கால் அங்குலம் என்பது எல்லாருக்கும் தெரியும், கையில் வருவது வேறு. வீசம் அங்குலம் கூடுதலாகப் பிடித்தால் என்ன ஆகிவிடும் என்பார்கள். ஒரு சீமில் இரண்டு பக்கத் துணியிலும் வீசம் வீசமாகப் போகிறது. ஆக அரைக்கால் அங்குலம். வரிசைக்கு எட்டுக் கட்டம் என்றால் ஏழு சீம். முக்காலே அரைக்கால் அங்குலம் காணாமல் போயிருக்கும். பக்கத்து வரிசையோடு சேர்க்கும்போது மூலை எங்கே வரும்? எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு அளக்கச் சொல்லுங்கள். மொத்தம் மூன்றரை, நடுப்பட்டி சரியாக ஒரு அங்குலம் வர வேண்டும். வராதவர்கள் ஊசியை ஒரு புள்ளி நகர்த்தட்டும். இதற்கு இருபது நிமிஷம் ஆகும். இதைச் செய்யாவிட்டால் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின், கண் செருகும் வேளையில், ஆளாளுக்குத் தையலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கேட்காமல் யாருடைய மெஷினையும் தொடாதீர்கள். அடுத்தவர் நிறத் தேர்வைப் பற்றி முகம் சுளிக்காதீர்கள். உங்கள் சரக்கை வகுப்பு நேரத்தில் விற்காதீர்கள், இடைவேளை எதற்கு இருக்கிறது?

வாசனை வேண்டாம். செண்ட், வாசனை எண்ணெய், தலையில் நிறைய மல்லிகை எதுவும் வகுப்பறைக்கு ஆகாது. வாசனை பட்டால் தலைவலியும் மூச்சுத்திணறலும் வருபவர்கள் இருப்பார்கள். பல கில்ட்கள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன.

சாப்பாட்டைத் தையல் மேசையிலிருந்து தள்ளியே வையுங்கள். வகுப்புக்குத் தின்பண்டம் கொண்டுவருவது இங்கே பழக்கம். ஆரஞ்சு நிறச் சீஸ் தூள் ஒட்டிய சிப்ஸ்தான் முதல் எதிரி, இரண்டாவது சாக்லேட். "தனி மேசை, ஈரக் காகிதத் துண்டு, பிறகு ஊசி" என்று காலையிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ட்ரங்க் ஷோவில் போர்வை பிடிப்பவர்களுக்கு வெள்ளைக் கையுறை கொடுங்கள். கூட்டம் விருந்துக்குப் பிறகு என்றால் கட்டாயம் கொடுங்கள். பார்பிக்யூ ஊரில் போர்வையின் ஓரத்தை எத்தனை கை தொட்டுப் பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பந்தியில்

முதல் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் நெடுஞ்சாலை ஓரத்துச் சங்கிலிக் கடை ஒன்றைச் சொல்வார்கள். விருந்தாளிக்கு அதுதான் பத்திரம் என்ற நினைப்பு. "ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நீங்கள் எங்கே சாப்பிடப் போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மேசைக்கு மேசை சண்டை வரும். அந்தச் சண்டையில் இரண்டு முறை அடிபடும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்திய பஃபேக்குக் கூட்டிப் போகிறேன் என்றால் நாசூக்காக நழுவுங்கள். அவர்கள் பாவம், உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் நினைக்கிறார்கள். "அது எனக்கு வீட்டிலேயே கிடைக்கும், உங்கள் ஊர்ச் சாப்பாடு எனக்கு எங்கே கிடைக்கும்" என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

சைவம் என்றால் எதெல்லாம் சைவமில்லை என்று தெரிந்துகொண்டு போங்கள். "காய்கறிதான்" என்று அவர்கள் நல்ல மனசோடு சொல்வதை அப்படியே நம்ப முடியாது. தெற்கு மாநிலங்களில் கீரையும் பச்சை பீன்ஸும் பன்றிக்கால் துண்டோடு மணிக்கணக்கில் வேகும். டெக்சாஸில் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். பை என்னும் பழப் பணியாரத்தின் மேலோடு பழைய முறைப்படி செய்தது என்றால் அதிலும் பன்றிக் கொழுப்பு. பளபளவென்று ஆடும் ஜெல்லியில் ஜெலட்டின். இதற்கெல்லாம் "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதைவிட "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பது மேல். முதல் கேள்வி சந்தேகமாகக் காதில் விழும். இரண்டாவதற்குச் செய்முறை முழுக்கச் சொல்வார்கள், வேண்டியது அதிலேயே வந்துவிடும். முட்டையும் வெண்ணெயும் சாப்பிடும் சைவர்களுக்குச் சோள ரொட்டி, மக்ரோனி சீஸ், உருளைக்கிழங்கு, கோஸ் சாலட், பிக்கிள் என்று பொட்லக்கில் பட்டினி வராது. சோள ரொட்டியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் பன்றிக் கொழுப்பு தடவிய சட்டியில் சுடுவார்கள்.

அசைவர்களுக்கு என் ஒரே அறிவுரை: வகுப்புக்கு முந்தைய இரவு பார்பிக்யூ வேண்டாம், மறுநாள் ஆறு மணி நேரம் நிற்க வேண்டும். வகுப்பு முடிந்த இரவு ஒரு கை பாருங்கள்.

"காரமே இல்லை" என்று சொல்லாதீர்கள். மிளகாய்ப்பொடி டப்பாவைப் பையிலிருந்து எடுத்துத் தூவவும் வேண்டாம். ஒரு வாரம் நாக்கு சும்மா இருந்தால் குடி முழுகிவிடாது, புது ருசியும் பழகும். மாட்டிறைச்சி சில்லியும் பட்டை வாசனை அடிக்கும் சினமன் ரோலும் ஒரே தட்டில் வைத்துக் கொடுப்பார்கள் நெப்ராஸ்காவில். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் தொடங்கிய ஜோடி என்கிறார்கள். காரசாரமான கறிக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ள இனிப்பு பன்னா என்று முதலில் தோன்றும். பீன்ஸ் மட்டும் போட்ட சில்லி கிடைத்தால் சைவர்களும் முயன்று பார்க்கலாம். எனக்கு அந்த ஜோடி பிடித்துப்போய்விட்டது, வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் பங்குக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னால் எலுமிச்சை சாதம் செய்யுங்கள். ஆறினாலும் நன்றாக இருக்கும், யாரையும் பயமுறுத்தாது. நிலக்கடலையும் முந்திரியும் போடாதீர்கள், கடலை ஒவ்வாமை விளையாட்டல்ல. என்னென்ன சேர்த்தது என்று அட்டையில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். மஞ்சள் சாதத்தை ஹாலின் அந்தக் கோடியில் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் மஞ்சள் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில ஊர்கள்

கென்டக்கியில் படூகா. ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் சேரும் இடத்து ஊர். அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி 1984இல் இங்கே தொடங்கியது. குவில்ட் அருங்காட்சியகம் 1991இல் திறந்தது. 2013இல் யுனெஸ்கோ இந்தச் சின்ன ஊரைக் கைவினைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது. வசந்தத்தில் நடக்கும் குவில்ட் வாரத்தின்போது ஊர் கொள்ளாது. அந்த வாரத்தில் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அறை கில்ட் பொறுப்பா, உங்கள் பொறுப்பா என்று மாதக்கணக்கில் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து பன்றிக்கறி பார்பிக்யூவை வாட்டிய ரொட்டிக்கு நடுவில் வைத்து அழுத்தித் தருவார்கள். அருங்காட்சியகத்துக்குக் கண்காட்சிக் கூட்டம் ஓய்ந்த பிறகு போங்கள்.

அதே மாநிலத்தில், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி, ஓவன்ஸ்பரோ. நம் அசைவர்கள் போக வேண்டிய ஊர் என்று நான் சொல்வது இதைத்தான். அமெரிக்கா முழுக்கப் பன்றியும் மாடும் சுடும்போது இந்த ஊர் மட்டும் ஆடு சுடுகிறது. நம்மூர் வெள்ளாடு இல்லை, முதிர்ந்த செம்மறி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் கம்பளிக்காக ஆடு வளர்த்தார்கள். கம்பளி தந்து கிழடான ஆட்டை என்ன செய்வது? ஹிக்கரி விறகின் அனலில் மணிக்கணக்காக வாட்டினால் முரட்டுக் கறியும் இளகும். மேலே ஊற்றிக்கொள்ள, கறுப்பாகத் தண்ணீர் போல் புளிப்பும் மிளகுமாக ஒரு சாறு. கூடவே பர்கூ என்று ஒரு கெட்டிக் குழம்பு: ஆட்டுக்கறி, சோளம், உருளைக்கிழங்கு, கோஸ் எல்லாம் போட்டு அண்டாவில் கொதிப்பது. ஆட்டு வாடை பிடிக்காத அமெரிக்கர்களே இதைக் கண்டு ஒதுங்குவார்கள். நாம் ஒதுங்க என்ன இருக்கிறது? கேட்டுச் சாப்பிட்டால் பரிமாறுகிறவருக்கு நீங்கள் அன்றே உறவு.

நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர்வதேச குவில்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு தம்பதி ஏறக்குறைய 950 போர்வைகளைக் கொடுத்ததில் 1997இல் உருவானது. நம் பக்கத்து ரல்லிப் போர்வைகளும் காந்தாவும் அங்கே இருக்கின்றன. வகுப்புக்கு முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடுங்கள், மறுநாள் பேச்சில் "நேற்று உங்கள் அருங்காட்சியகத்தில் பார்த்தேன்" என்று ஆரம்பிக்கலாம். சாப்பாட்டுக்கு ரன்ஸா: ரஷ்யாவில் குடியிருந்து பிறகு இங்கே வந்த ஜெர்மானியர்கள் கொண்டுவந்த, பூரணம் வைத்த ரொட்டி. உள்ளே மாட்டுக் கொத்துக்கறி, கோஸ், வெங்காயம். மாடு சாப்பிடாதவர்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் பக்கம் ஆமிஷ் மக்களின் ஊர்கள். பழைய ஆமிஷ் போர்வைகளில் பூப்போட்ட துணி இருக்காது. ஒரே நிறக் கம்பளித் துணி, நடுவில் பெரிய டயமண்ட், அதன் மேல் கண்ணை நெருக்கமாகக் கொண்டுபோனால்தான் தெரியும் பொடிக் கைத்தையல். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகத் திட்டமிடாதீர்கள். ஆமிஷ் கடைகள் எல்லாம் அடைப்பு. அவர்கள் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள், அவர்கள் நம்பிக்கைக்கு அது ஒவ்வாது. நகரத்துச் சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும். மத்தியானமே மூடிவிடுவார்கள், காலையில் போங்கள். கரும்புப் பாகு ஊற்றிச் செய்யும் ஷூஃப்ளை பையைக் காபியோடு காலை உணவாகவே சாப்பிடுகிறார்கள். தித்திப்பு திகட்டும், சர்க்கரை இருப்பவர்கள் பாதியோடு நிறுத்தவும்.

ஹூஸ்டனில் இலையுதிர் காலத்தில் நடக்கும் சர்வதேச குவில்ட் திருவிழாவில் சொல்லிக்கொடுக்க அழைப்பு வந்தால் முதலில் நல்ல செருப்பு வாங்குங்கள். மாநாட்டு மண்டபத்தின் சிமெண்டுத் தரை முழங்காலைத் தின்றுவிடும். வியட்நாமியர் கைவண்ணத்தில் பூண்டும் வெண்ணெயுமாகச் செய்யும், இறால் போன்ற நன்னீர்க் கிராஃபிஷ் இந்த ஊரின் பெருமை. ஆனால் அதன் பருவம் குளிர்காலக் கடைசியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை. திருவிழா நேரத்தில் தேடி அலையாதீர்கள். செக் நாட்டுக் குடியேறிகள் விட்டுச்சென்ற கொலாச்சி பன் காலையில் எங்கும் கிடைக்கும். பழமும் சீஸும் வைத்தது சைவத்துக்கு. ஹில்க்ராஃப்ட் தெருப் பக்கம் தோசை கிடைக்கும். முதல் நாளே ஓடாதீர்கள். நாலாம் நாள் போனால் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட். இங்கே பாடம் நடத்த அல்ல, பாடம் கேட்கப் போக வேண்டும். ஆற்று வளைவில் ஒதுங்கிய இந்தக் கறுப்பின மக்களின் ஊருக்கு ஓடிய படகை, அவர்கள் வாக்குரிமை கேட்டுக் கிளம்பிய காலத்தில், 1962இல் நிறுத்தினார்கள். 2006இல்தான் திரும்ப விட்டார்கள். அதே 2006இல் அவர்கள் போர்வைகள் அமெரிக்கத் தபால்தலைகளில் வந்தன. வேலைத்துணியும் கிழிந்த ஜீன்ஸும் வெட்டி, அளவுகோல் இல்லாமல் அவர்கள் சேர்த்த அந்த அமைப்பை அப்படியே எடுத்து "ஜீஸ் பெண்ட் பாணி" என்று வகுப்பு நடத்தாதீர்கள். அங்குள்ள பெண்களே சொல்லிக்கொடுக்கிறார்கள், உங்கள் கில்ட்டுக்கு அவர்களைச் சிபாரிசு செய்யுங்கள்.

கிளம்பும்போது

பில்லை அன்றைக்கே கையில் கொடுங்கள். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றால் பொருளாளர் மாறியிருப்பார், புதியவருக்கு உங்களை யாரென்று தெரியாது. வகுப்பில் ஒருவர் கொடுத்த செய்முறையைச் சமைத்துப் பார்த்து, படம் எடுத்து, அவருக்கு அனுப்புங்கள்.

பை முழுசாகக் கைப்பெட்டியில் விமானம் ஏறலாம், பாதுகாப்புச் சோதனையில் தடையில்லை. ஜாம், பர்கூ, பார்பிக்யூ சாறு இவையெல்லாம் 100 மில்லிக்கு மேல் கையில் போகாது. அதற்காகப் புட்டியைத் துண்டில் சுற்றிப் போர்வைப் பெட்டியின் நடுவில் செருகாதீர்கள். எத்தனை சுற்று சுற்றினாலும் மூடி திறக்கும். கிட் அனுப்பிய தபால் பெட்டி காலியாகத்தான் இருக்கும். செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, புட்டியை அதில் போட்டு, உங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்பிவிடுங்கள்.